கிட்னி கெட்டுப்போகுதான்னு முன்னாடியே கண்டுபிடிக்கறது எப்படி: கடலூர், பாண்டி பக்கம் இருக்கறவங்களுக்கு

போன வருஷம் ஆடி மாசம் ஒரு நாள் காலைல அம்மா கொலுசைக் கழட்டி ஜன்னல் மேல வச்சிருந்தாங்க. ஏம்மா கழட்டிட்டன்னு கேட்டேன், கடிக்குதுடா, காலு கனமா இருக்குன்னாங்க. கணுக்காலுக்கு மேல கொலுசு இருந்த எடத்துல சுத்தி ஒரு பள்ளம், சாயந்தரம் வரைக்கும் அது மறையவே இல்ல. மறுநாள் மஞ்சக்குப்பத்துல ஒரு லேப்ல ரத்தம் குடுத்தோம், கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேத்த வேண்டிய கழிவு) 2.4. அம்மாவுக்கு 64 வயசு, அந்த வயசுக்குக் கணக்குப் போட்டா கிட்னி 22 சதவீதம் மாதிரிதான் வேலை செய்யுது, அதாவது அஞ்சு ஸ்டேஜ்ல நாலாவது.

அன்னைக்கு ராத்திரி அம்மாவோட பழைய ஃபைல் மொத்தத்தையும் தரையில பரப்பி வச்சுப் பார்த்தேன். 2 வருஷம் முன்னாடி எடுத்த ரிப்போர்ட்லயே கிரியாட்டினின் 1.2ன்னு இருக்கு, பக்கத்துல நார்மல் 1.3 வரைக்கும்னு போட்டிருக்கு, அதனால அதுல தடிச்ச எழுத்தும் இல்ல அம்புக்குறியும் இல்ல, பார்த்த டாக்டரும் எல்லாம் நார்மல்னு சொல்லி அனுப்பிட்டாரு. அந்த 1.2 நார்மல் கிடையாது, ஏன்னு அஞ்சாவது படியில சொல்றேன். அதைத் தெரிஞ்சுக்க எனக்கு 2 வருஷம் ஆச்சு, உங்களுக்கு இன்னைக்கே தெரியணும்னுதான் உக்காந்து எழுதறேன். நான் டாக்டர் இல்ல, அலைஞ்சு திரிஞ்சு கத்துக்கிட்டது இது, மருந்து மாத்திரை முடிவெல்லாம் உங்க டாக்டர்கிட்டதான்.

1. உங்க வீட்ல யாருக்கு டெஸ்ட் பண்ணணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கிட்னி வலிக்காது. கல்லு இருந்தா வலிக்கும், இன்ஃபெக்‌ஷன் இருந்தா எரியும், ஆனா சுகர்லயும் பிரஷர்லயும் மெதுவா கெடற கிட்னி பாதி போற வரைக்கும் ஒரு சத்தமும் போடாது. அதனால அறிகுறி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்னு இருக்காதீங்க, கீழ சொல்ற ஆளுங்க உடம்பு நல்லா இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தே ஆகணும்.

சுகர் இருக்கறவங்க (ரெண்டாவது வகை சுகர்னா கண்டுபிடிச்ச அன்னைலேர்ந்தே), பிரஷர் இருக்கறவங்க, இதய நோய் இருக்கறவங்க, 60 தாண்டினவங்க, அப்பா அம்மா கூடப்பொறந்தவங்களுக்குக் கிட்னி பிரச்சனை இருக்கறவங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்ச லிஸ்ட்டு. தெரியாதது இன்னொண்ணு இருக்கு. மூட்டு வலிக்கு, இடுப்பு வலிக்கு வருஷக்கணக்குல மாத்திரை போடறவங்க, கல்லு அடிக்கடி வர்றவங்க, கர்ப்பமா இருக்கறப்ப பிரஷர் ஏறி ஆஸ்பத்திரில இருந்த பொண்ணுங்க, கண்ணாடி விரியன் கடிச்சுப் பொழைச்சவங்க, எலிக் காய்ச்சல்லயோ வாந்தி பேதிலயோ ஒரு தடவை கிட்னி பாதிச்சு அப்புறம் சரியானவங்க. நம்ம பக்கம் வயல்ல விரியன் கடி வாங்குனவங்க எத்தனை பேரு இருக்காங்க, பொழைச்சாச்சுன்னு விட்டுடறாங்க, கிட்னி திரும்ப முழுசா வந்துச்சான்னு யாரும் பார்க்கறதில்ல.

வெயில்லயே வேலை செய்யறவங்களும் இந்த லிஸ்ட்ல உண்டு. உப்பளம், கட்டட வேலை, முந்திரிக் காடு, படகு, எதுவா இருந்தாலும் நாள் முழுக்க வேர்த்து தண்ணி குடிக்காம, சாயந்தரம் உடம்பு வலிக்கு ஒரு மாத்திரையும் போட்டா கிட்னிக்கு ரெண்டு பக்கமும் அடி.

2. வீட்லயே கவனிக்க வேண்டியது

நுரை. யூரின்ல நுரை வர்றதுன்னா வேகமா போறப்ப யாருக்கும் வரும், கழுவற லிக்விட் ஊத்தின டாய்லெட்ல கண்டிப்பா வரும். அதை வச்சுப் பயப்படாதீங்க. காலைல முதல் யூரினை ஒரு சுத்தமான டம்ளர்ல பிடிச்சு அப்படியே வைங்க, கொஞ்ச நேரத்துல நுரை அடங்கிடணும். அடங்காம சோப்புத் தண்ணி மாதிரி மேல அப்படியே நிக்குது, அதுவும் தினமும் அப்படித்தான் இருக்குன்னா அது புரதம் ஒழுகறதா இருக்கலாம், டெஸ்ட் பண்ணிடுங்க. எங்கம்மா ஆறு மாசமா பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தியிருக்காங்க நுரை போகலன்னு, எங்ககிட்ட சொல்லவே இல்ல, இதையெல்லாம் எப்படிடா சொல்றதுன்னு கூச்சம். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட நீங்களே போய்க் கேளுங்க.

வீக்கம். காலைல எழுந்ததும் கண்ணைச் சுத்தி உப்பி இருக்கும், சாயந்தரம் கால்ல இறங்கிடும். முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டைவிரலால பத்து எண்ற வரைக்கும் அழுத்திட்டு எடுங்க, குழி விழுந்து உடனே ரொம்பலன்னா வீக்கம்தான். கொலுசு, மெட்டி, மோதிரம், செருப்பு வார் இறுக்கறதும் அதே சேதிதான்.

ராத்திரி யூரின். ஒரு தடவை எழுந்தவங்க மூணு நாலு தடவை எழுந்தா, பொம்பளைங்களுக்கு அது சுகர்தான்னும் ஆம்பளைங்களுக்கு புரோஸ்டேட்தான்னும் நாமளே முடிவு பண்ணிடறோம். அதுவாவும் இருக்கலாம், ஆனா கிட்னியையும் ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க.

பிரஷர் திடீர்னு அடங்கலன்னா, ஒரு மாத்திரை ரெண்டாகி ரெண்டு மூணாகுதுன்னா, கேளுங்க. யூரின் சிவப்பாவோ கோலா கலர்லயோ வந்தா உடனே கேளுங்க, வலி இல்லாம வந்தாலும்.

இப்ப சொல்றதை சுகர்காரங்க வீட்ல தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க. நல்லா இருந்த ஆளுக்கு சுகர் தானா குறைய ஆரம்பிச்சா, அதே மாத்திரை அதே இன்சுலின்ல லோ சுகர் வந்து வேர்த்துக் கொட்டுதுன்னா, அது நல்ல சேதியா இல்லாம இருக்கலாம். கிட்னி வலு குறையறப்ப இன்சுலினும் சில மாத்திரையும் உடம்ப விட்டு வெளியேறாம கூட நேரம் தங்கிடும், அதனால சுகர் இறங்கும். எங்கம்மாவுக்கு 180லயே நின்ன சுகர் 90, 80ன்னு வந்தப்ப நாங்க எல்லாரும் சந்தோஷப்பட்டோம், பத்தியம் பலிச்சிடுச்சுன்னு சித்தி ஸ்வீட் வாங்கிட்டு வந்தாங்க. அந்த சந்தோஷத்துலயே ரெண்டு மாசம் போச்சு.

அசதி, அரிப்பு, சாப்பாட்டு வாடையே பிடிக்காம போறது, வாயில இரும்பு மாதிரி ருசி, ரத்த சோகை, கால் குரக்களி, இதெல்லாம் பெரும்பாலும் நோய் முத்தினப்புறம் வர்றது. இதுல ரெண்டு மூணு சேர்ந்து இருந்தா அடுத்த வாரம்னு தள்ளாதீங்க.

3. ரெண்டே ரெண்டு டெஸ்ட், ரெண்டும் வேணும்

ஒண்ணு ரத்தத்துல கிரியாட்டினின், அதோட ஈஜிஎஃப்ஆர் கணக்கு. இன்னொண்ணு யூரின்ல ஏசிஆர், அதாவது ஆல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ. முதல் டெஸ்ட் கிட்னி எவ்ளோ வடிகட்டுதுன்னு சொல்லும், ரெண்டாவது வடிகட்டி ஓட்டையாகி புரதம் ஒழுகுதான்னு சொல்லும். கிரியாட்டினின் ஏறறதுக்கு வருஷக்கணக்குல முன்னாடியே ஏசிஆர் ஏற ஆரம்பிச்சிடும், சுகர்காரங்களுக்கு முக்கியமா.

இங்கதான் எல்லாரும் விழற பள்ளம் இருக்கு. மாஸ்டர் செக்கப்னு போனா கிரியாட்டினின் இருக்கும், யூரின் ரொட்டீன் இருக்கும், ஏசிஆர் பல பேக்கேஜ்ல இருக்காது. யூரின் ரொட்டீன்ல ஆல்புமின் 'நில்'னு வந்தா நாம நிம்மதியாகிடறோம், ஆனா அதுக்கு யூரின்ல நனைச்சுப் பார்க்கற ஸ்ட்ரிப்புல கொஞ்சமா ஒழுகற புரதம் தெரியாமப் போகலாம். அதனால லேப்ல வாய்ல சொல்லாம ஒரு பேப்பர்ல 'ஸ்பாட் யூரின் ஏசிஆர்'னு எழுதிக் குடுங்க. நான் வாய்ல சொன்னப்ப ஒரு தடவை வெறும் ஆல்புமின் மட்டும் பார்த்துக் குடுத்துட்டாங்க, காசும் போச்சு ஒரு நாளும் போச்சு.

செலவு நான் குடுத்ததைச் சொல்றேன், லேபுக்கு லேப் மாறும்: கிரியாட்டினின் 150 ரூபா, ஏசிஆர் 500 ரூபா, வயித்து ஸ்கேன் 900 ரூபா. முதல் ரெண்டும் சேர்த்து 650க்குள்ள முடிஞ்சிடுச்சு. ஸ்கேன் எல்லாருக்கும் முதல்லயே தேவையில்ல, ரெண்டு டெஸ்ட்ல ஏதாவது தப்பா வந்தா டாக்டரே எழுதுவாரு. அரசு ஆஸ்பத்திரில கிரியாட்டினினும் யூரின் ஆல்புமினும் காசில்லாமலே பார்க்கறாங்க, ஏசிஆர் அங்க எடுக்கறாங்களான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்குங்க. மார்ச் மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக தினம், அந்த வாரம் பல ஆஸ்பத்திரில இலவச முகாம் போடுவாங்க, விசாரிச்சு வைங்க.

4. டெஸ்ட் எடுக்கற நாள்

ஏசிஆருக்குக் காலைல எழுந்ததும் வர்ற முதல் யூரின்தான் நல்லது, அதனால முந்தின நாளே லேப்ல டப்பா வாங்கி வச்சிடுங்க. காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், பீரியட்ஸ் இருக்கறப்ப எடுக்காதீங்க, முந்தின நாள் ஜிம்முல கடுமையா எக்ஸர்சைஸ் பண்ணாலும் தப்பா அதிகமா காட்டும். கிரியாட்டினினுக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்ல, ஆனா முந்தின ராத்திரி மட்டன் பிரியாணி ஒரு கட்டு கட்டிட்டுப் போகாதீங்க, கறி சாப்பிட்டாலே நம்பர் ஏறும். பசங்க யாராவது கிரியாட்டின் பவுடர் சாப்பிட்டா அதை டாக்டர்கிட்ட சொல்லணும். ஸ்கேனுக்கு யூரின் அடக்கி வச்சிருக்கணும், அன்னைக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போங்க.

5. ரிப்போர்ட்டைப் படிக்கறது

கிரியாட்டினின் நம்பரை மட்டும் பார்க்காதீங்க. லேப் போடற நார்மல் எல்லை பல எடத்துல எல்லாருக்கும் ஒண்ணேதான், ஆனா உடம்பு ஒண்ணு கிடையாது. அதே 1.2, ஒரு 25 வயசுப் பையனுக்கு வந்தா ஈஜிஎஃப்ஆர் கிட்டத்தட்ட 86, பயமில்ல. 62 வயசுல எங்கம்மாவுக்கு வந்தப்ப அது கிட்டத்தட்ட 51. வயசானவங்களுக்கும் ஒல்லியா இருக்கற பொம்பளைங்களுக்கும் சதை கம்மி, சதைலேர்ந்துதான் கிரியாட்டினினே வருது, அதனால நம்பர் குறைச்சலாத் தெரியும், உள்ள கிட்னி பாதி போயிருக்கும்.

ரிப்போர்ட்ல ஈஜிஎஃப்ஆர் போடலன்னா லேப்ல கேளுங்க, வயசும் ஆணா பொண்ணான்னும் குடுத்தா அவங்களே போட்டுத் தருவாங்க, போன்ல கால்குலேட்டரும் இருக்கு. 90க்கு மேல நல்லது. 60லேர்ந்து 89 வரைக்கும் ஏசிஆரும் நல்லா இருந்தா பெருசா கவலை வேண்டாம். 60க்குக் கீழ 3 மாசத்துக்கு மேல இருந்தா அது நாள்பட்ட கிட்னி நோய். 45லேர்ந்து 59, அப்புறம் 30லேர்ந்து 44, இது ரெண்டும் மூணாவது ஸ்டேஜ்லயே ரெண்டு பாகம், 15லேர்ந்து 29 நாலாவது, 15க்குக் கீழ அஞ்சாவது.

ஏசிஆர் 30க்குக் கீழ இருக்கணும் (கிராமுக்கு மில்லிகிராம் கணக்கு). 30லேர்ந்து 300 வரைக்கும் ஒழுக ஆரம்பிச்சிருக்கு, 300க்கு மேல நல்லாவே ஒழுகுது. ஈஜிஎஃப்ஆர் 95 இருந்து ஏசிஆர் 200 இருந்தாலும் அது கிட்னி பாதிப்புதான், ஒண்ணு நல்லா இருக்குன்னு இன்னொண்ணை விடாதீங்க.

ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணவும் வேண்டாம், அழவும் வேண்டாம். லேசா மாறியிருந்தா 3 மாசம் கழிச்சுத் திரும்ப எடுக்கணும். ஆனா நம்பர் ரொம்ப மோசமா இருந்தாலோ வீக்கம் இருந்தாலோ 3 மாசம் உக்காந்திருக்காதீங்க, அந்த வாரமே டாக்டர்கிட்ட போங்க.

6. எங்க போறது

கடலூர்ல இருக்கறவங்களுக்குப் பக்கம் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை. அங்க பார்த்து ஒரு ரெஃபரல் சீட்டு வாங்கிட்டா பெரிய எடத்துக்குப் போறப்ப சுலபம். கிராமத்துல இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே சுகர், பிரஷர் பார்த்துடலாம், மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு மாத்திரை குடுக்க வர்றவங்ககிட்டயும் யூரின் டெஸ்ட் பத்திக் கேளுங்க.

பேருல ஏமாந்துடாதீங்க. கடலூர் அரசு மருத்துவக் கல்லூரின்னு பேரு இருக்கு, ஆனா இருக்கறது சிதம்பரம் அண்ணாமலை நகர்ல, பழைய ராஜா முத்தையா ஆஸ்பத்திரிதான் அது. பாண்டிலயும் இந்திரா காந்தி பேர்ல ரெண்டு இருக்கு, ஒண்ணு டவுனுக்குள்ள பீச் பக்கம் இருக்கற ஜி.எச்., இன்னொண்ணு கதிர்காமத்துல இருக்கற மருத்துவக் கல்லூரி. ஆட்டோல ஏறறப்ப எதுன்னு தெளிவாச் சொல்லுங்க.

ஜிப்மர் கோரிமேட்டுல, திண்டிவனம் ரோட்டு மேல. கடலூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு மணி நேரம் வச்சுக்குங்க, அங்கேர்ந்து திண்டிவனம் வழியா போற பஸ்ஸோ கோரிமேடு டவுன் பஸ்ஸோ ஏறணும். சென்னை பஸ்ஸுன்னு பார்த்து ஈசிஆர் வழியா போறதுல ஏறிட்டா காலாப்பட்டு பக்கம் போயிடுவீங்க. புது ஆளுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் காலைலயே முடிஞ்சிடும், அதனால நாங்க 5 மணிக்கே கிளம்பிட்டோம். முதல்ல மெடிசின் ஓபில பார்த்தாங்க, அங்கேர்ந்துதான் நெஃப்ராலஜிக்கு (கிட்னி பிரிவு) எழுதுனாங்க, அதுக்கு இன்னொரு நாள் போக வேண்டியிருந்தது. ஒரே நாள்ல எல்லாம் முடிஞ்சிடும்னு நினைச்சு வேலைக்கு ஒரு நாள் மட்டும் லீவு போடாதீங்க. கூட ஒருத்தர் கட்டாயம் வேணும், ஒருத்தர் வரிசைல நிக்க, ஒருத்தர் பெரியவங்களைப் பார்த்துக்க. இட்லி, தண்ணி கையில வைங்க, சுகர்காரங்களை வெறும் வயித்துல மத்தியானம் வரைக்கும் உக்கார வச்சிடாதீங்க.

7. கையில இருக்க வேண்டிய பேப்பர்

ஆதார் ஒரிஜினல், ரெண்டு ஜெராக்ஸ். ரேஷன் கார்டு. இன்ஷூரன்ஸ் கார்டு இருந்தா அது. பழைய ரிப்போர்ட் எல்லாம் தேதி வரிசைப்படி, பழசு கீழ புதுசு மேல. 5 வருஷம் முன்னாடி எடுத்த கிரியாட்டினின் இருந்தா அது தங்கம் மாதிரி, எவ்ளோ வேகமா இறங்குதுன்னு டாக்டருக்கு அதுலதான் தெரியும். நான் தேதி, கிரியாட்டினின், ஈஜிஎஃப்ஆர், ஏசிஆர், பிரஷர், சுகர்னு ஒரே தாள்ல கட்டம் போட்டு எழுதி மேல வச்சேன், டாக்டர் ஃபைலைத் திறக்காம அதைத்தான் பார்த்தாரு. மாத்திரை பேரு வாய்ல சொல்லாதீங்க, காலியான அட்டையையும் சேர்த்து ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட.

தமிழ்நாட்டு ஆளுங்க முதலமைச்சர் காப்பீட்டு கார்டை நல்லா இருக்கறப்பவே எடுத்து வைங்க. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், டயாலிசிஸும் இதுல வரும். வருமானச் சான்று இ-சேவைல போட்டோம், 60 ரூபா, கைக்கு வர பத்து நாள் ஆச்சு, அப்புறம் அதையும் ரேஷன் கார்டு, ஆதாரையும் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்குப் போனோம். ரேஷன் கார்டுல ஒரு பேரும் ஆதார்ல ஒரு பேருமா எழுத்து மாறியிருந்தா அங்க திருப்பி அனுப்பிடுவாங்க, அதை முதல்ல சரி பண்ணுங்க. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் பக்கம் குடியிருந்து ரேஷன் கார்டு மட்டும் கடலூர்ல வச்சிருக்கறவங்க ஜாக்கிரதை, அந்தந்த அரசாங்கத்துத் திட்டம் அந்தந்த ரேஷன் கார்டுக்குத்தான். ஜிப்மர் மத்திய அரசோடது, வைத்தியத்துக்கு எந்த ஊர்க்காரரும் போகலாம், எந்த கார்டு செல்லும்னு அங்க காப்பீட்டு கவுன்ட்டர்ல கேட்டுக்குங்க.

8. டாக்டரைப் பார்க்கறதுக்குள்ள நீங்களா கெடுத்துக்காதீங்க

வலி மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் எல்லாம் அதுல சேர்த்தி. மெடிக்கல் ஷாப்ல மூட்டு வலின்னு சொன்னா கவர்ல பிரிச்சுப் போட்டுக் குடுக்கற செட் மாத்திரை இருக்கே, அதுல என்ன இருக்குன்னே தெரியாது, எங்கம்மா அதை வாரத்துக்கு நாலு நாள் போட்டிருக்காங்க. வலிக்கு என்ன போடலாம்னு டாக்டர்கிட்டயே கேளுங்க. லேபிள் இல்லாத பற்பம், செந்தூரமும் அதே மாதிரிதான், உள்ள உலோகம் என்னன்னு தெரியாம வாயில போடாதீங்க.

கிட்னின்னு சொன்ன உடனே சொந்தக்காரங்க எல்லாரும் நிறைய தண்ணி குடி, வாழைத்தண்டு ஜூஸ் குடி, இளநீர் குடின்னு சொல்லுவாங்க. அது கல்லு இருக்கறவங்களுக்குச் சொல்றது. வீக்கம் இருக்கறப்ப தண்ணியைக் கூட்டினா மூச்சு வாங்கும், கிட்னி வலு குறைஞ்சவங்களுக்கு இளநீர்ல இருக்கற பொட்டாசியம் ரத்தத்துல ஏறி இதயத்தையே நிறுத்திடலாம். எவ்ளோ தண்ணின்னு உங்க அளவை டாக்டர்தான் சொல்லணும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அது ஒரு டீஸ்பூன்தான், நம்ம கடலோரத்துக் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தா காலைலயே அது முடிஞ்சிடும். சோடியம் கம்மின்னு விக்கற உப்பையும் வாங்காதீங்க, பலதுல அதுக்குப் பதிலா பொட்டாசியம்தான் கலந்திருக்கும்.

டாக்டர் டெல்மிசார்டான், ராமிப்ரில் மாதிரி மாத்திரை குடுத்தா அது பிரஷருக்கு மட்டும் இல்ல, புரதம் ஒழுகறதையும் குறைக்கும். ஆரம்பிச்ச புதுசுல கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம், 30 சதவீதம் வரைக்கும் ஏறினா பொதுவா டாக்டருங்க தொடரத்தான் சொல்லுவாங்க, நீங்களா பயந்து நிறுத்திடாதீங்க. வாந்தி பேதி வந்தா மட்டும் அன்னைக்கே போன் பண்ணிக் கேளுங்க. மாத்திரைச் செலவு மாசா மாசம் வரும், மக்கள் மருந்தகத்துல அதே மருந்து நல்லாவே குறைஞ்ச விலைக்குக் கிடைக்குது.

9. காத்திருக்கக் கூடாத நேரம்

யூரின் ரொம்பக் குறைஞ்சு போச்சு அல்லது நின்னே போச்சு, படுத்தா மூச்சு முட்டுது, நிக்காத வாந்தி விக்கல், பேச்சு குழறி ஆள் அடையாளம் தெரியல, ஃபிட்ஸ். இதுல எது வந்தாலும் ஓபி நேரம் பார்க்காம 108க்குப் போன் போட்டு எமர்ஜென்சிக்குப் போங்க, ராத்திரி ஒரு மணியா இருந்தாலும்.

10. மத்தவங்களையும் பாருங்க

ஒருத்தருக்கு வந்தா கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் அந்த ரெண்டு டெஸ்ட்டை எடுக்கணும். அம்மாவோட ஜிப்மர் ஓட்டம் கொஞ்சம் அடங்கினதும் நானும் தங்கச்சியும் எடுத்தோம். அவளுக்கு நல்லா இருக்கு. எனக்கு 38 வயசு, சுகர் இல்ல, ஈஜிஎஃப்ஆர் 97, ஏசிஆர் மட்டும் 44. பிரஷர் பார்த்தா 148க்கு 94, அது எத்தனை நாளா அப்படி இருந்துச்சோ, பார்த்ததே இல்ல. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி, வீட்ல பிரஷர் மெஷின் வாங்கி காலை சாயந்தரம் எழுதச் சொல்லியிருக்காரு, 3 மாசம் கழிச்சுத் திரும்ப எடுக்கணும். தை மாசம் பொங்கல் முடிஞ்ச மறுவாரம் வருது, லேப் டப்பா வாங்கணும்னு காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்.